டென்ட் ஒழுகியது பெரிய விஷயமில்லை

கேள்வி: ஐயா, வணக்கம். சேலம் அம்மாப்பேட்டைப் பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருக்கிறேன். வயது 29. போன வருடம் சாரணர் பொறுப்பு என் தலையில் விழுந்தது. இருக்கிறவர்களில் இளையவன் நான்தான் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. அடிப்படைப் பயிற்சி மட்டும் முடித்திருக்கிறேன். அக்டோபர் கடைசியில் 24 பையன்களை ஏற்காட்டுக்கு இரண்டு இரவு முகாமுக்கு அழைத்துப் போனேன். தெரிந்தவர் ஒருவரின் காப்பித் தோட்டத்தில் இடம் கிடைத்தது. முதல் இரவே மழை. டென்ட் ஒழுகியது. காப்பிக் களத்துக் கொட்டகையில் எல்லாரும் உட்கார்ந்தபடியே விடிய வைத்தோம். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் அழுகையை நிறுத்தவே இல்லை. இரவு பதினொரு மணிக்கு அவன் அப்பாவுக்கு போன் போட்டுக் கொடுத்தேன். அவர் உடனே கிளம்பி வந்து கூட்டிப் போய்விட்டார்.

மறுநாள் ஏரிக்கரையில் குப்பை பொறுக்கினோம். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான்: "சார், நாளைக்கு மறுபடியும் போடத்தானே போறாங்க, நாம எதுக்குப் பொறுக்கறோம்?" எனக்குப் பதில் வரவில்லை. சேவை செய்யும்போது கேள்வி கேட்கக் கூடாது என்று அதட்டிவிட்டேன். கீழே வந்ததும் இரண்டு பெற்றோர் தலைமை ஆசிரியரிடம் புகார் செய்தார்கள். மற்றவர்கள் சான்றிதழ் எப்போது வரும் என்று மட்டும் கேட்கிறார்கள். சமையல், டென்ட், கணக்கு வழக்கு எல்லாம் நானே பார்த்து ஓய்ந்துவிட்டேன். இந்தப் பொறுப்பைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா?

— பெயர் வேண்டாம், சேலம்

பதில்: தம்பி, அக்டோபர் கடைசியில் ஏற்காட்டில் டென்ட் அடித்தால் ஒழுகாமல் என்ன செய்யும்? வடகிழக்குப் பருவமழை இறங்குகிற நேரம் அது. கேலி செய்வதாக நினைக்க வேண்டாம். முப்பது வருடத்துக்கு மேல் சாரண ஆசிரியராக இருந்து, புதிதாக வருகிறவர்களுக்குப் பயிற்சியும் கொடுத்து ஓய்ந்தவன் நான். என் முதல் முகாமில் மழை இல்லை. அதற்குப் பதிலாக மண்ணெண்ணெய் கேன் அரிசி மூட்டையின் மேல் கவிழ்ந்தது. 32 பையன்களும் ஒரு நாள் முழுக்க பன்னும் வாழைப்பழமும் தின்றார்கள். கேனைச் சரியாக மூடாமல் வைத்தவன் நான்தான். வேறு யாரும் மூடாமல் வைத்திருக்கவே முடியாது, ஏனென்றால் அடுப்பங்கரைப் பக்கம் ஒரு பையனையும் நான் விடவில்லை.

அதனால் உங்கள் கடிதத்தில் மழையும் புகாரும் எனக்குப் பெரிதாகப் படவில்லை. "எல்லாம் நானே பார்த்து" என்று கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் நின்றுவிட்டேன். கூடவே 24 பையன்கள் இருக்கும்போது நீங்கள் ஏன் சமைத்தீர்கள்?

சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தில் பிரௌன்சீ என்கிற சின்னத் தீவில் முதல் முகாம் போட்டார். 20 பையன்கள். வசதியான வீட்டுப் பிள்ளைகளும் உழைக்கிற வீட்டுப் பிள்ளைகளும் கலந்து வந்திருந்தார்கள். அவர்களை நான்கு அணியாகப் பிரித்து, ஒவ்வோர் அணிக்கும் ஒரு பையனையே தலைவனாக்கினார். ராத்திரிக் காவல்கூட அணிகளின் முறைதான். ஸ்கார்ஃப், முடிச்சு, இடது கைக் குலுக்கல் எல்லாம் அழகுதான், ஆனால் அணியை எடுத்துவிட்டால் அது சீருடை போட்ட சுற்றுலா என்பது என் எண்ணம். கூட இருந்த பயிற்சியாளர்கள் சிலருக்கு இந்தப் பேச்சு பிடிக்காது. போகட்டும்.

உங்களிடம் இருக்கிற 24 பேரை எட்டெட்டுப் பேராக மூன்று அணி செய்யுங்கள். கூட்டாளிகளாக ஒட்டிக்கொண்டிருக்கிறவர்களை மொத்தமாகப் பிரிக்கவும் வேண்டாம், மொத்தமாக ஒரே அணியில் விடவும் வேண்டாம். தலைவனை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். முகாமுக்கு இரண்டு வாரம் முன்னால் அணித் தலைவர்களை உட்கார வைத்து, ஆளுக்கு இவ்வளவு ரூபாய், இத்தனை வேளைச் சாப்பாடு, நீங்களே திட்டம் போடுங்கள் என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். ஓர் ஆளுக்கு ஒரு வேளைக்கு 150 கிராம் அரிசி என்றால் எட்டுப் பேருக்கு எவ்வளவு, உழவர் சந்தையில் தக்காளி என்ன விலை, வெங்காயம் கட்டுப்படியாகுமா என்று அவர்கள் மண்டையை உடைத்துக்கொள்வதைப் பாருங்கள். கணக்கு வாத்தியாருக்கு இதைவிட நல்ல வகுப்பு கிடைக்குமா? என் அணி ஒன்று மூன்று வேளைக்கும் புளிச்சோறு என்று எழுதிக்கொண்டு வந்தது. சரி என்றேன். இரண்டாம் நாள் மத்தியானம் பக்கத்து அணியிடம் புளிச்சோற்றைக் கொடுத்து ரசம் வாங்கிச் சாப்பிட்டார்கள். அடுத்த முகாமுக்கு அவர்கள் கொண்டுவந்த பட்டியலில் கறிவேப்பிலைகூட விட்டுப்போகவில்லை.

சோறு குழையும், அடிப்பிடிக்கும், உப்புமாவில் கட்டி விழும். விழட்டும். நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கப் பழக வேண்டும். இந்த வேலையில் கடினமான பகுதியே அதுதான், எனக்கு எட்டு வருடம் ஆனது.

ஆனால் சில விஷயங்களைப் பையன்களிடம் விட முடியாது. பருவம், தண்ணீர், நெருப்பு, படுக்கிற இடம், ஆஸ்பத்திரிக்குப் போகிற வழி. இவை உங்கள் பொறுப்பு. உங்கள் முகாமில் இது தலைகீழாகிவிட்டது. பையன்கள் செய்ய வேண்டிய சமையலை நீங்கள் செய்தீர்கள், நீங்கள் பார்த்திருக்க வேண்டிய மழையைப் பையன்கள் நனைந்து தெரிந்துகொண்டார்கள்.

பருவத்தை எடுத்துக்கொள்வோம். ஏற்காட்டில் தென்மேற்குப் பருவத்திலும் மழை உண்டு, வடகிழக்கிலும் உண்டு. மே மாதம் கோடை விழாக் கூட்டம், மலைப்பாதையில் வண்டி நகராது. பிப்ரவரி பாதிக்குமேல் சருகு காய்ந்து தீ பயம் வந்துவிடும். எனக்குப் பிடித்தது பொங்கல் முடிந்த கையோடு வருகிற வாரங்கள். மழை விட்டிருக்கும், பரீட்சை நெருக்கமும் முழுசாகத் தொடங்கியிருக்காது. குளிர் இருக்கும், அதைச் சமாளிக்கலாம். சேலம் டவுன் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1500. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக்கணக்கு, அப்படியானால் கீழே இருப்பதைவிட ஏறக்குறைய எட்டு டிகிரி குறைவு. வீட்டில் ஃபேன் போட்டுத் தூங்குகிற பையன் ஒரு போர்வையோடு வருவான். அம்மாக்கள் மேலே போர்த்த இரண்டு தருவார்கள், கீழே விரிக்க ஒன்றும் தரமாட்டார்கள். குளிர் தரையிலிருந்துதான் ஏறும். தார்ப்பாய், அதன்மேல் பழைய நியூஸ்பேப்பர் நான்கைந்து அடுக்கு, அதன்மேல் ஜமக்காளம். பிறகு மேலே ஒரு போர்வை போதும்.

டென்ட் ஒழுகியதற்கு மழை மட்டும் காரணமாக இருக்காது. துணி டென்ட் நனைந்திருக்கும்போது உள்ளேயிருந்து யாராவது விரலால் தொட்டால், தொட்ட இடத்தில் சொட்டத் தொடங்கும். 24 பையன்கள் தொடாமல் இருப்பார்களா? பருத்திக் கயிறாக இருந்தால் நனைந்ததும் சுருங்கி இழுக்கும், முளை பிடுங்கிக்கொள்ளும். படுக்கப் போகும் முன் கயிற்றைச் சற்றுத் தளர்த்திவிடுவது பழைய ஆட்களின் வழக்கம். இடம் பார்க்கும்போது புல் பச்சையாக அடர்ந்திருக்கிற பள்ளத்தைத் தவிருங்கள், தண்ணீர் அங்கேதான் வந்து நிற்கும். காப்பித் தோட்டத்தில் நிழலுக்கு வைத்திருக்கிற சில்வர் ஓக் மரங்களில் காய்ந்த கிளை தொங்குகிறதா என்று அண்ணாந்து பார்க்காமல் அடியில் டென்ட் அடிக்காதீர்கள். முக்கியமாக, பக்கா கூரை ஒன்று கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும். உங்களுக்குக் கொட்டகை இருந்தது. அதனால்தான் இது சிரித்துப் பேசுகிற கதையாக இருக்கிறது.

நெருப்பைப் பற்றிச் சிரிக்க முடியாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத் தீயில் மலையேறப் போனவர்கள் சிக்கி இறந்தார்கள். காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி கேட்டால், வெறும் சம்பிரதாயம் என்று முணுமுணுக்கிற பெரியவர்களை எனக்குத் தெரியும். அவர்களோடு முகாமுக்குப் போகாதீர்கள். தனியார் தோட்டத்திலும் உரிமையாளர் காட்டுகிற இடத்தில் மட்டும், சருகைச் சுற்றிலும் கூட்டித் தள்ளிவிட்டு, இரண்டு வாளி தண்ணீரும் ஒரு வாளி மண்ணும் பக்கத்தில் வைத்த பிறகுதான் கேம்ப் ஃபயர். காட்டுமாடு ஏற்காட்டுத் தோட்டங்களுக்குள் வருவது இப்போது சாதாரணம். காய்கறித் தோலையும் கஞ்சியையும் டென்டுக்குப் பக்கத்தில் கொட்டினால் விடியற்காலையில் விருந்தாளி நிற்பார். இருட்டிய பிறகு தனியாக யாரும் நடக்கக் கூடாது, டார்ச் இல்லாமல் யாரும் எங்கேயும் போகக் கூடாது.

இன்னொன்று. எப்போதும் இரண்டு பெரியவர்கள் வேண்டும். நீங்கள் தனியாகத்தான் போனீர்களோ என்று சந்தேகம் வருகிறது, கடிதத்தில் இன்னொருவர் பெயரே இல்லை. ஒருவர் பையனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினால் மற்ற 23 பேரோடு யார் இருப்பது? அதோடு, ஒரு பெரியவர் ஒரு பையனோடு மூடிய இடத்தில் தனியாக இருக்கவே கூடாது. படுக்கையும் தனித் தனி. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிற போக்சோ சட்டம் 2012-ல் வந்தது, நல்ல சாரண ஆசிரியர்கள் இந்த வழக்கத்தை அதற்கு முன்பே வைத்திருந்தார்கள். இது பையனுக்கும் பாதுகாப்பு, உங்களுக்கும் பாதுகாப்பு.

அழுத பையனுக்கு வருகிறேன். போன் போட்டுக் கொடுத்தது இரக்கத்தில் செய்தது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் யோசித்துப் பாருங்கள்: அந்த அப்பா நடுராத்திரியில் மழையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வந்தார். பையனுக்கு ஒரு பயம் என்றால் அதைவிடப் பெரிய ஆபத்தை நாம் அப்பாவுக்கு வைத்தோம். வீட்டு ஏக்கம் இரண்டு நேரத்தில்தான் பிடித்துக்கொள்ளும். விளக்கு வைக்கிற நேரத்தில் ஒன்று, படுத்துக் கண்ணை மூடுகிற நேரத்தில் ஒன்று. சாயங்காலமே முகம் வாடிவிடும், கவனித்தால் தெரியும். அப்போதே அவன் கையில் ஒரு வேலையைக் கொடுங்கள். லாந்தர் துடைக்கச் சொல்லுங்கள், எல்லாருக்கும் டீ ஊற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள். ராத்திரி அழுதால் பேச்சுக் கொடுக்காமல், எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில் பக்கத்தில் உட்காருங்கள். அம்மாவின் குரலைக் கேட்டால் அடங்கும் என்று நினைப்போம், பெரும்பாலும் அப்போதுதான் அணை உடையும்.

ஆனால் எல்லா அழுகையும் வீட்டு ஏக்கமில்லை. பன்னிரண்டு வயதிலும் தூக்கத்தில் சிறுநீர் போகிற பையன்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். வீட்டில் அம்மாவுக்கு மட்டும் தெரியும். கொட்டகையில் 23 பேருக்கு நடுவில் தூங்க வேண்டும் என்றால் அவனுக்கு உயிர் போகும், தூங்காமல் இருக்க அழுதுகொண்டே இருப்பான். உங்கள் பையன் அப்படித்தான் என்று சொல்லவில்லை. பெற்றோரிடம் வாங்குகிற படிவத்தில் மருந்து, ஒவ்வாமை, வலிப்பு, ஆஸ்துமா என்பதோடு "ஆசிரியர் மட்டும் அறிய வேண்டியது" என்று ஒரு வரி சேருங்கள். அந்த ஒரு வரி என்னிடம் நிறையப் பையன்களைக் காப்பாற்றிக் கொடுத்தது. இப்போது ஒருநாள் சாயங்காலம் அந்தப் பையன் வீட்டுக்குப் போய்வாருங்கள், தலைமை ஆசிரியர் மூலமாக இல்லாமல் நேராக. ஏன் அழுதாய் என்று கேட்காதீர்கள். அடுத்த தடவை யார் பக்கத்தில் படுக்க வேண்டும் என்று கேளுங்கள். புகார் கொடுத்த பெற்றோரையும் இப்படியே பாருங்கள், மழை வந்தது என் கணிப்பில் தப்பு என்று சொல்லிவிடுங்கள். பாதிக் கோபம் அங்கேயே இறங்கிவிடும்.

அடுத்தது அந்த எட்டாம் வகுப்புப் பையன். உங்கள் கடிதத்திலேயே எனக்கு மிகவும் பிடித்தவன் அவன்தான். அவனை அதட்டியதுதான் இந்த முகாமில் உண்மையான சேதம், டென்ட் இல்லை.

எனக்கும் ஒரு மலை கிராமத்தில் பாடம் கிடைத்தது. ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலையில், மலையாளி என்கிற பழங்குடி மக்கள் வாழும் ஊர் ஒன்றுக்குப் பையன்களைக் கூட்டிப் போய் நோட்டுப் புத்தகம் கொடுத்தோம். பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்துப் போட்டோ எடுத்தோம். திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த பாட்டி ஒருவர், "நீங்க குடுத்தாச்சு, சரி. உங்க புள்ளைங்களுக்குச் சாமை குத்தத் தெரியுமா?" என்றார். தெரியாது. அன்று மத்தியானம் முழுக்க அவரும் மற்றப் பெண்களும் எங்கள் பையன்களுக்குச் சாமை குத்தவும் புடைக்கவும் சொல்லிக் கொடுத்தார்கள். பாதி கீழே சிந்தியது, கோழிகளுக்கு நல்ல நாள். அதற்கப்புறம் வருடம் ஒருமுறை அங்கே போனோம், நோட்டு இல்லாமல். தண்ணீர் வருகிற வாய்க்காலில் மண் அடைத்துக்கொள்கிறது, வந்து வெட்டிக் கொடுங்கள் என்று அவர்கள் சொன்னதைச் செய்தோம்.

குப்பைக்கும் அதே வழிதான். என் பசங்களும் மலைமேல் ஒரு காட்சி முனையில் இரண்டு தடவை பொறுக்கிவிட்டு உங்கள் பையன் கேட்டதையே கேட்டார்கள். மூன்றாம் தடவை பொறுக்கியதைத் தரையில் கொட்டி வகை பிரித்து எண்ணச் சொன்னேன். சிப்ஸ் பாக்கெட், தண்ணீர் பாட்டில், மிளகாய் பஜ்ஜி தின்ற காகிதத் தட்டு. ஒரே முறை பயன்படுத்தி வீசுகிற பிளாஸ்டிக் பலவற்றுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது, ஆனாலும் சிப்ஸ் பாக்கெட் வந்துகொண்டேதான் இருக்கிறது. காகிதத் தட்டு எல்லாம் ஒரே பஜ்ஜிக் கடையிலிருந்து வந்தது. பையன்களே போய்க் கடைக்கார அண்ணனிடம் பேசினார்கள். சாக்குப் பை கட்டிவைத்தால் யார் எடுத்துப் போவது என்று அவர் கேட்டார், நியாயமான கேள்வி. கீழே போகிற காய்கறி வண்டிக்காரர் ஒருவரைப் பிடித்துப் பேசி முடித்ததும் பையன்கள்தான். நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். அடுத்த தடவை போனபோது குப்பை இருந்தது, ஆனால் காகிதத் தட்டு கொஞ்சம்தான்.

ஒரு சேவைக்காக அவ்வளவு தூரம் மலை ஏறவும் வேண்டியதில்லை. கன்னங்குறிச்சியில் மூக்கனேரி இருக்கிறது. சேலத்து மக்கள் கூடி மீட்ட ஏரி. அங்கே ஒரு தடவை மரம் நட்டுப் போட்டோ எடுக்கிறவர்களுக்குக் குறைவில்லை, கோடையில் தண்ணீர் ஊற்றத்தான் ஆள் வேண்டும். ஆடித் திருவிழாவில் சேலம் குகைப் பகுதியில் நடக்கிற வண்டி வேடிக்கை என்கிற அலங்கார வண்டி ஊர்வலக் கூட்டத்தில் பிள்ளையைத் தொலைத்துவிட்டு அலறுகிற அம்மா ஒருவராவது இருப்பார். சீருடை போட்ட பையன்கள் தெருமுனைக்கு இரண்டு பேராக, போலீசாரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு நின்றால் அது எவ்வளவு பெரிய உதவி தெரியுமா? எதை எடுத்தாலும் ஒன்றை எடுங்கள், வருடம் முழுக்க அதற்கே திரும்பத் திரும்பப் போங்கள். எது என்பதைப் பையன்கள் சொல்லட்டும்.

சான்றிதழ் விஷயத்தில் கவலைப்பட ஒன்றுமில்லை. சாரணர்களுக்கான மாநில விருதான ராஜ்ய புரஸ்கார் வேண்டும் என்று வருகிற பையன் வரட்டும், நானும் முதலில் காக்கிச் சட்டைக்கு ஆசைப்பட்டுத்தான் சேர்ந்தேன். தினக்குறிப்பை மட்டும் அவன் கையால் எழுத வையுங்கள், பக்கத்துப் பையனுடையதைப் பார்த்து எழுதினால் கிழித்துவிடுங்கள்.

பொறுப்பைத் திருப்பிக் கொடுப்பதா என்பதை இந்த வருடம் முடிவு செய்ய வேண்டாம். ஜனவரியில் பள்ளி மைதானத்திலேயே ஒரு இரவு முகாம் போடுங்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் தொடங்கி சனிக்கிழமை மத்தியானம் முடியட்டும், வீடு பத்து நிமிட தூரத்தில் இருக்கட்டும். சமையல் முழுக்க அணிகளுடையது. நீங்கள் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்துங்கள், அடுப்புப் பக்கம் ஒரு கண் மட்டும் இருக்கட்டும். அது சரியாக வந்தால் அடுத்து அடிவாரத்தில் ஒரு தோப்பு. மலைக்கு அடுத்த வருடம் போகலாம், ஏற்காடு எங்கேயும் போய்விடாது.

அதற்கு முன்னால் அந்த எட்டாம் வகுப்புப் பையனைக் கூப்பிட்டு, அன்றைக்கு அதட்டியது தப்பு என்று சொல்லிவிட்டு, இந்தப் பதிலைப் படிக்கக் கொடுங்கள். அவனுக்கு இதிலும் ஒரு கேள்வி இருக்கும். அதை அவனையே எனக்கு எழுதச் சொல்லுங்கள்.